வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம்: இங்கிலாந்தில் பிள்ளையின் சிறப்புக் கல்வித் தேவைகளை மதிப்பிடச் செய்யும் முழுமையான வழிகாட்டி

பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷனின் பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர், “இவருக்கு இன்னும் ஆங்கிலம் பழகவில்லை, பழகினால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார். வீட்டுக்கு வந்தால் தொலைபேசியில் அப்பம்மா, “அவன்ர அப்பாவும் நாலு வயது மட்டும் வாய் திறக்கவில்லை, இப்ப பார்” என்கிறார். இருவரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். சில பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டும் உண்மையாகவும் இருக்கும். ஆனால் உண்மையாகவே உதவி தேவைப்படும் தமிழ்ப் பிள்ளைகள் இந்த இரண்டு ஆறுதல்களுக்கும் நடுவே ஓரிரு ஆண்டுகளை இழந்துவிடுகிறார்கள். உதவி கேட்பதற்கான சட்ட வழி தெளிவாகவே இருக்கிறது. அந்த வழியை எங்கே தொடங்குவது, எதை எழுத்தில் கேட்பது, எந்தப் பதிலை ஏற்கத் தேவையில்லை என்பவற்றைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

இதில் சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. லண்டனில் இருக்கும் உறவினர் சொன்ன நடைமுறையை கார்டிஃபில் இருப்பவர் பின்பற்றினால் தவறான கதவைத்தான் தட்டுவார்.

சட்டம் எங்கே இருக்கிறது

“சிறப்புக் கல்வித் தேவைகள்” என்ற சொல்லாட்சி, மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978இல் அளித்த அறிக்கைக்குப் பிறகே இங்கே வேரூன்றியது. இப்போது நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின் அடிப்படை, 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின் மூன்றாம் பகுதி. அதனுடன் 2014ஆம் ஆண்டின் விதிமுறைகளும், பள்ளிகளும் கவுன்சில்களும் (உள்ளாட்சி அமைப்புகளும்) கருத்தில் கொண்டாக வேண்டிய 2015 ஜனவரி நடைமுறைக் கையேடும் சேர்கின்றன. இந்த ஏற்பாட்டை மாற்றியமைப்பது பற்றி அரசு பேசி வருவதால், விண்ணப்பிக்கும் நாளில் சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

உதவி இரண்டு தளங்களில் கிடைக்கிறது. முதலாவது, பள்ளியே தன் நிதியிலிருந்து செய்யும் உதவி; இதைப் பள்ளிகள் ‘சென் சப்போர்ட்’ என்பார்கள். இரண்டாவது, கவுன்சில் முறைப்படி மதிப்பீடு செய்து வழங்கும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம். இதைப் பெற்றோர் பேச்சில் ‘இ.எச்.சி. பிளான்’ என்பார்கள். 2025 ஜனவரிக் கணக்கின்படி இங்கிலாந்து மாணவர்களில் 14.2 விழுக்காட்டினர் முதல் தளத்திலும், 5.3 விழுக்காட்டினர் இரண்டாம் தளத்திலும் இருந்தனர். அதாவது ஏறக்குறைய ஐந்து பிள்ளைகளில் ஒருவர். இதில் வெட்கப்படவோ ஊராருக்கு ஒளிக்கவோ எதுவுமில்லை என்று சொல்ல இந்த எண்களே போதும்.

முதல் படி: இது மொழியா, கற்றலா என்று பிரித்தறிதல்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன். தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றப் படிகள் எல்லாம் இதைச் சார்ந்தே அமைகின்றன.

சட்டத்தின் 20ஆம் பிரிவு ஒரு வரம்பை வகுக்கிறது: வீட்டில் பேசும் மொழி பள்ளி மொழியிலிருந்து வேறுபட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்ப்பாடு உண்டு என்று கொள்ளக் கூடாது. புதிதாக வந்த பிள்ளையை ‘மந்தம்’ என்று ஒதுக்கிவிடாமல் காக்கும் நல்ல விதி இது. ஆனால் நடைமுறையில் இதே விதி தலைகீழாகவும் பயன்படுத்தப்படுகிறது. வீட்டில் வேறு மொழி பேசப்படுகிறதா, அப்படியானால் காரணம் அதுதான், எனவே காத்திருப்போம் என்று பள்ளி முடிவுக்கு வந்துவிடுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நடைமுறைக் கையேடும், முன்னேற்றம் இல்லாததற்குக் காரணம் ஆங்கிலப் பழக்கக் குறைவா அல்லது சிறப்புத் தேவையா என்பதைப் பிள்ளையின் எல்லாத் துறைகளையும் கவனமாகப் பார்த்துக் கண்டறிய வேண்டும் என்றுதான் கேட்கிறது. காத்திருப்பதும் கண்டறிவதும் ஒன்றல்ல.

இதைக் கண்டறிய உதவும் மிக எளிய கேள்வி: இந்த இடர்ப்பாடு தமிழிலும் இருக்கிறதா? ஆங்கிலம் பழகாதது மட்டுமே சிக்கல் என்றால், வீட்டில் தமிழில் பிள்ளை தன் வயதுக்கு ஏற்றபடி பேசும், விளங்கிக்கொள்ளும், கதை சொல்லும். இரண்டு மொழியிலும் தடுமாறினால், அதற்கு மொழி மாற்றம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. பள்ளி ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. எனவே இந்தச் சான்றை அவரால் தேடிக்கொள்ள இயலாது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடியவர் நீங்கள் மட்டுமே.

எனவே ஒரு கொப்பி எடுத்து, மூன்று நான்கு வாரங்களுக்குத் தேதியிட்டுக் குறித்து வாருங்கள். “கதவைச் சாத்திவிட்டு, மேசையில் இருக்கிற புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா” என்று தமிழில் சொன்னால் இரண்டையும் செய்கிறதா, அல்லது கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறதா? நேற்றுப் பூங்காவில் நடந்ததைச் சொல்லச் சொன்னால் முன்பின் ஒழுங்கு இருக்கிறதா? ‘நான்’, ‘நீ’ மாறிப் போகின்றனவா? போனேன், போறேன், போவேன் என்ற காலப் பாகுபாடு வந்துவிட்டதா? தெரிந்த பொருளின் பெயரே நினைவுக்கு வராமல் ‘அது’, ‘அது’ என்று சுட்டுகிறதா? உடன்பிறந்தவர்கள் இதே வயதில் எப்படி இருந்தார்கள்? ‘சரியாகப் பேசவில்லை’ என்ற தீர்ப்பைவிட, பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, அதே வயதுப் பிள்ளை அந்த இடத்தில் எப்படிச் சொல்லும் என்பதைப் பக்கத்தில் எழுதுவதே நிபுணருக்குப் பயன்படும். கைப்பேசியில் ஓரிரு நிமிடக் காணொளி இருந்தால் இன்னும் நல்லது.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளை போகிறதென்றால் அங்கே பெரும்பாலானோர் எண்ணிப் பார்க்காத ஒரு சான்று காத்திருக்கிறது. ஆங்கிலம் ஒரு பொருட்டாகவே இல்லாத வகுப்பிலும் பிள்ளை எழுத்துகளை நினைவில் வைக்க முடியாமல் தவிக்கிறதா, ஓரிடத்தில் இருக்க முடியாமல் எழுந்து ஓடுகிறதா, மற்றப் பிள்ளைகளுடன் சேராமல் ஒதுங்கி நிற்கிறதா என்பதைத் தமிழாசிரியர் அரைப் பக்கத்தில் எழுதித் தந்தால், ‘ஆங்கிலம்தான் காரணம்’ என்ற வாதத்தின் வலு பாதியாகக் குறைந்துவிடும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட நேரானது. ஆகவே பிள்ளை தமிழை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுகிறது என்பதை வைத்து ‘டிஸ்லெக்சியா (வாசிப்பு இடர்ப்பாடு) இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. வேகம், களைப்பு, வாசித்ததை விளங்கிக்கொள்ளும் அளவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

சில தடுமாற்றங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்து ஆங்கிலத்தின் ‘p’, ‘b’ ஆகிய இரண்டு ஒலிகளுக்கும் நிற்கிறது. ‘எஃப்’ ஒலி தமிழுக்கு உரியதன்று. எனவே அந்த ஒலிகளில் ஆங்கிலத்தில் தடுமாறுவது தமிழ்ப் பிள்ளைக்கு இயல்பு. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியையும் கலப்பதும் அப்படியே. புதிய பள்ளியில் சில மாதங்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் பல பிள்ளைகளிடம் காணப்படுவதுதான். அதே நாட்களில் வீட்டில் தமிழில் எப்படிப் பேசுகிறது என்பதே அங்கேயும் விடை சொல்லும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். “குழப்பமாகிவிடும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்ற அறிவுரை இன்றும் கேட்கிறது. இருமொழியில் வளர்வது மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களின் தொழில்முறை அமைப்பான ராயல் கல்லூரியின் நிலைப்பாடும் வீட்டு மொழியைக் கைவிடச் சொல்வதன்று. தடுமாறும் ஆங்கிலத்தில் பெற்றோர் சுருக்கமாகப் பேசத் தொடங்கினால், பிள்ளை கேட்கும் மொழியின் வளம்தான் குறையும்.

இரண்டாம் படி: காதும் கண்ணும்

கல்வி மதிப்பீட்டுக்கு முன்பாகவோ அதனுடன் சேர்த்தோ கேட்கும் திறனையும் பார்வையையும் சோதித்துவிடுங்கள். காதின் நடுப்பகுதியில் நீர் கோத்துக்கொள்வது சிறு பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். அது வந்து போவதால் வீட்டில் ஒருநாள் கேட்கிறது, மறுநாள் கேட்கவில்லை என்று தோன்றும், பள்ளியில் அது கவனக்குறைவாகத் தெரியும். செவித் திறன் சோதனைக்குக் குடும்ப மருத்துவரான ஜி.பி. அனுப்பிவைப்பார், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தேசிய சுகாதாரச் சேவையில் கண் பரிசோதனை இலவசம். ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு சிறு பிள்ளைகளின் நலம் பார்க்கும் செவிலியரான ஹெல்த் விசிட்டர் வழியாகவும் பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லலாம். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. போன்றவற்றின் மருத்துவ மதிப்பீட்டுக்கான வரிசை நீளமானது. அதில் இப்போதே பெயரைச் சேர்த்துவிடுங்கள், ஆனால் அது முடியும்வரை பள்ளிக் காரியத்தை நிறுத்திவைக்காதீர்கள். பள்ளி உதவிக்கும் இ.எச்.சி. மதிப்பீட்டுக்கும் நோயறிதல் முன்நிபந்தனை அல்ல.

மூன்றாம் படி: பள்ளியில் யாரிடம், எப்படிக் கேட்பது

முதலில் வகுப்பாசிரியர், அடுத்து சென்கோ. எல்லாப் பொதுப் பள்ளிகளிலும் சிறப்புத் தேவைகளை ஒருங்கிணைக்கும் தகுதிபெற்ற ஆசிரியர் ஒருவர் இந்தப் பொறுப்பில் இருந்தாக வேண்டும். பள்ளியின் இணையதளத்தில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய சிறப்புத் தேவை அறிக்கையில் தொடர்பு விவரம் இருக்கும். அந்த அறிக்கையை முதலில் படித்துவிட்டுப் போங்கள். தாங்களே எழுதிய வாக்குறுதிகளைப் பெற்றோர் நினைவூட்டும்போது சந்திப்பின் தொனி மாறும்.

பள்ளி வாசலில் நின்று பேசுவது பேச்சாகவே போய்விடும். சந்திப்பை மின்னஞ்சலில் கேளுங்கள். முடிந்த அன்றே, யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார்கள், எந்தத் தேதிக்குள் என்று நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். நம்மில் பலருக்கு ஆசிரியரிடம் எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. இந்த நாட்டில் அப்படி யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தில் இல்லாததை நடக்காததாகவே கருதும் அலுவலக முறை இங்கே இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமிருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையையோ அதன் அக்காவையோ மொழிபெயர்க்க வைப்பதைத் தவிருங்கள். தன்னைப் பற்றிய குறைகளைப் பிள்ளை தன் வாயாலேயே பெற்றோருக்குச் சொல்லும் நிலை யாருக்கும் நல்லதன்று, மொழிபெயர்ப்பும் உண்மையாக இராது.

சந்திப்பில் தேவைகளின் நான்கு பெரும் பிரிவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தொடர்பாடலும் பழகுதலும்; அறிதலும் கற்றலும்; சமூக, உணர்வு, மனநலம் சார்ந்தவை; புலன் மற்றும் உடல் சார்ந்தவை. கையேடு இந்த நான்கையே பயன்படுத்துகிறது. “வீட்டில் பிரச்சினை இல்லையே” என்றோ, “பள்ளியில் நன்றாகத்தானே இருக்கிறார்” என்றோ ஒரு பக்கம் சொன்னால், நாள் முழுவதும் அடக்கிவைத்துவிட்டு வீட்டு வாசலில் கால் வைத்ததும் வெடித்து அழும் பிள்ளைகளும் உண்டு என்பதை எடுத்துச் சொல்லி, உங்கள் குறிப்புக் கொப்பியைக் காட்டுங்கள்.

நான்காம் படி: பள்ளி செய்ய வேண்டியதைக் கணக்கெடுத்தல்

தேவை இருக்கிறது என்று பள்ளி ஏற்றுக்கொண்டு சிறப்பு உதவி தொடங்கினால், அதைப் பெற்றோருக்கு முறைப்படி அறிவித்தாக வேண்டும். அதன் பிறகு மதிப்பிடுதல், திட்டமிடுதல், செய்தல், மீளாய்தல் என்ற சுழற்சி நடக்க வேண்டும். பெற்றோரை ஆண்டுக்குக் குறைந்தது மூன்று முறை சந்திக்க வேண்டும் என்கிறது கையேடு. எழுதப்பட்ட திட்டத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘வாசிப்பில் கூடுதல் உதவி’ என்று மட்டும் இருந்தால், எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள், யார், எந்த முறையில், எதை எட்டினால் வெற்றி என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 பவுண்ட் வரை கூடுதல் உதவியின் செலவைப் பள்ளி தன் நிதியிலிருந்தே ஏற்கும் என்ற எதிர்பார்ப்பில் நிதி ஒதுக்கப்படுகிறது. அது உங்கள் பிள்ளையின் பெயரில் தனியாக வைக்கப்பட்ட பணமன்று; ஆனால் ‘எங்களிடம் நிதியே இல்லை’ என்பதும் முழுப் பதிலாகாது. இவற்றோடு, உடற்குறைபாடோ நீடித்த மனநிலைக் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டிய கடமை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழும் பள்ளிக்கு இருக்கிறது.

இரண்டு தவணைகள் போனபின்னும் இடைவெளி குறையவில்லை என்றால், பள்ளி வைத்திருக்கும் பதிவுகளைக் கேளுங்கள். கவுன்சிலின் கீழ் இயங்கும் பள்ளிகள் பெற்றோர் எழுத்தில் கேட்ட 15 பள்ளி நாட்களுக்குள் பிள்ளையின் கல்விப் பதிவைத் தர வேண்டும். கவுன்சிலின் கீழ் வராத அகாடமிப் பள்ளிகளிடம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே கேட்கலாம். முதலாம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடக்கும் ஃபோனிக்ஸ் (எழுத்தொலி வாசிப்பு) சோதனையின் மதிப்பெண், நடத்தைக் குறிப்புகள், வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்ன நாட்கள் என்று பலவும் அதில் கிடைக்கும்.

ஐந்தாம் படி: கவுன்சிலிடம் மதிப்பீடு கோருதல்

பள்ளி விண்ணப்பிக்கும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி பெற்றோரே நேரடியாகக் கேட்கலாம், 16 வயதைக் கடந்த இளைஞர் தானே கேட்கலாம், பள்ளியும் கேட்கலாம். பள்ளி கேட்டால் அதன் சான்றுகள் சேர்ந்து போகும் என்பது நன்மை. ஆனால் ‘அடுத்த தவணை பார்ப்போம்’ என்ற பதில் இரண்டாம் முறையும் வந்தால் நீங்களே அனுப்பிவிடுங்கள் என்பதே என் கருத்து.

கவுன்சில் எடைபோட வேண்டியவை இரண்டே. பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவைகள் உள்ளனவா, அல்லது இருக்கலாமா? அவற்றுக்கு இ.எச்.சி. திட்டத்தின் வழியே உதவி செய்வது தேவைப்படலாமா? சட்டம் ‘இருக்கிறது என்று நிரூபி’ எனக் கேட்கவில்லை; ‘இருக்கலாம்’ என்பதே போதும் என்கிறது. கடிதத்தில் இந்த இரண்டையும் சட்டத்தின் சொற்களிலேயே எழுதி, ஒவ்வொன்றின் கீழும் உங்கள் சான்றுகளை வையுங்கள். முதல் பகுதியில் பிள்ளை எதில், எந்த அளவு, எவ்வளவு காலமாகத் தடுமாறுகிறது என்பது. தமிழிலும் அப்படியே என்பதைக் காட்டும் குறிப்புகளும் தமிழாசிரியரின் கடிதமும் இங்கே வரும். இரண்டாம் பகுதியில் பள்ளி இதுவரை என்ன செய்தது, அதற்குப் பிறகும் என்ன குறைகிறது என்பது. அதற்கெனக் கவுன்சில் வைத்திருக்கும் படிவத்தை நிரப்பலாம். சாதாரணக் கடிதமும் செல்லும். இப்சியா என்ற தொண்டு நிறுவனம் மாதிரிக் கடிதங்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்த தேதியை உறுதிசெய்யச் சொல்லுங்கள். அன்றிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

மறுப்பதற்குச் சொல்லப்படும் சில காரணங்களை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். பிள்ளை இரண்டு ஆண்டுகள் பின்தங்கியிருக்க வேண்டும், பள்ளி முழு 6,000 பவுண்டையும் செலவழித்திருக்க வேண்டும், கல்வி உளவியலாளர் ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டும், ஆங்கிலம் கற்க இன்னும் அவகாசம் கொடுக்க வேண்டும் ஆகியவற்றில் எதுவும் சட்டத்தில் உள்ள நிபந்தனை அன்று. கவுன்சில் தன் வழிகாட்டுதல்களில் இப்படி எழுதிவைத்திருக்கலாம். ஆனால் தீர்மானிப்பது 36ஆம் பிரிவின் சோதனைதான்.

ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் பெற்றோருக்கு இலவசமாகவும் பாரபட்சமின்றியும் ஆலோசனை தரும் சேவை ஒன்று இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ‘சென்டியாஸ்’ என்று தேடினால் உங்கள் பகுதிக்குரியது கிடைக்கும். கடிதத்தை அனுப்பும் முன் அவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள்.

ஆறாம் படி: இருபது வாரங்கள்

கோரிக்கை கிடைத்த 6 வாரங்களுக்குள், மதிப்பீடு செய்வதா இல்லையா என்று கவுன்சில் பதில் தர வேண்டும். மதிப்பீடு செய்தபின் திட்டம் தேவையில்லை என்று முடிவெடுத்தால் அதை 16ஆம் வாரத்துக்குள் சொல்ல வேண்டும். திட்டம் தருவதென்றால் 20ஆம் வாரத்துக்குள் இறுதி வடிவம் கையில் இருக்க வேண்டும். 2024இல் வழங்கப்பட்ட புதிய திட்டங்களில் பாதிக்கும் குறைவானவையே இந்தக் கெடுவுக்குள் வந்தன. எனவே நாட்காட்டியில் 6, 16, 20 ஆகிய வாரங்களைக் குறித்துவைத்து, கெடு தாண்டிய மறுநாளே எழுதிக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் கவுன்சிலின் புகார் முறை, அதற்கு மேல் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் சுதந்திர அதிகாரி) என்று போகலாம்.

மதிப்பீட்டின்போது பெற்றோர், பள்ளி, கல்வி உளவியலாளர், சுகாதாரத் துறை, சமூகப் பராமரிப்புத் துறை ஆகியோரிடம் கவுன்சில் எழுத்து ஆலோசனை கேட்டாக வேண்டும். 2014 விதிமுறைகளின் 6ஆம் விதியில் பெற்றோர் பலர் அறியாத ஓர் உட்பிரிவு இருக்கிறது: பெற்றோர் நியாயமாகக் கேட்டுக்கொள்ளும் எவரிடமிருந்தும் கவுன்சில் ஆலோசனை பெற வேண்டும். பேச்சு மொழிச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோரின் ஆலோசனை வேண்டும் என்று ஒப்புதல் கிடைத்த அன்றே எழுதிவிடுங்கள். பின்னால் ‘அந்தத் தேவைக்குச் சான்று இல்லை’ என்று சொல்ல இடம் இராது.

கல்வி உளவியலாளரின் வருகைக்கு முன் அவருக்கு உங்கள் மொழிக் குறிப்புகளை அனுப்புங்கள். அவர் பயன்படுத்தும் பல தரப்படுத்தப்பட்ட சோதனைகள் ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளை அளவுகோலாகக் கொண்டு உருவானவை. தமிழ் பேசும் பிள்ளைக்கு அந்த மதிப்பெண்களை அப்படியே பொருத்தினால் தேவையைக் கூட்டியும் காட்டலாம், குறைத்தும் காட்டலாம். எனவே மொழியைச் சாராத சோதனைகளும், வகுப்பறையில் உற்றுநோக்கலும், சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு விரைவில் பிடித்துக்கொள்கிறது என்று பார்க்கும் முறையும் சேர வேண்டும் என்று கேளுங்கள். பேச்சுச் சிகிச்சையாளர் மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன் தமிழிலும் மதிப்பிட வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் ஒன்றைச் சொல்லிவைக்க மறவாதீர்கள்: பிள்ளை சொன்னதைத் திருத்தி அழகாக்காமல், உடைந்த வாக்கியத்தை உடைந்தபடியே சொல்ல வேண்டும்.

உங்கள் சொந்த ஆலோசனையும் சட்டப்படி இதில் ஓர் ஆவணம். இங்கே பிள்ளையின் நல்ல பக்கத்தை மட்டும் எழுத மனம் விரும்பும். பிள்ளையின் திறமையை எழுதுங்கள். அதோடு மிகக் கடினமான ஒரு நாள் காலை எழுந்ததிலிருந்து இரவு வரை எப்படிப் போகிறது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பிள்ளையை எழுப்பி, உடுத்தி, அழுகையை ஆற்றிப் பள்ளிக்கு அனுப்ப ஒன்றரை மணி நேரம் ஆகிறதென்றால் அது சான்று.

ஏழாம் படி: வரைவுத் திட்டத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படித்தல்

திட்டத்தில் ஏ முதல் கே வரை பகுதிகள் உள்ளன. நேரம் குறைவாக இருந்தால் மூன்றை மட்டுமாவது வரிவரியாகப் படியுங்கள். பி பகுதி பிள்ளையின் கல்வித் தேவைகளைச் சொல்கிறது. எஃப் பகுதி அவற்றுக்கான உதவியை. ஐ பகுதி பள்ளியை. பி பகுதியில் உள்ள ஒவ்வொரு தேவைக்கும் எஃப் பகுதியில் ஓர் உதவி இருக்க வேண்டும். அறிக்கைகளில் உளவியலாளர் சொன்னது பி பகுதிக்கு வராமல் நழுவியிருக்கிறதா என்று பேனாவால் குறியிட்டு ஒப்பிடுங்கள்.

எஃப் பகுதியில் எழுதப்பட்டதைப் பெற்றுத் தருவது 42ஆம் பிரிவின்படி கவுன்சிலின் கட்டாயக் கடமை. அதனாலேயே அங்கே சொற்கள் மழுப்பலாக வரும். ‘பேச்சுச் சிகிச்சைக்கான வாய்ப்பு அளிக்கப்படும்’, ‘தேவைக்கேற்பப் பெரியவரின் ஆதரவு’ என்பவை ஒன்றையும் கட்டாயமாக்கவில்லை. ‘தகுதிபெற்ற பேச்சு மொழிச் சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை 45 நிமிடம் தனியாகப் பயிற்சி அளிப்பார்’ என்பது கட்டாயமாக்குகிறது. சிகிச்சையைச் சுகாதார உதவிக்கான ஜி பகுதியில் போட்டிருந்தால் எஃப் பகுதிக்கு மாற்றச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கற்பிக்கவோ பயிற்றவோ செய்யும் சிகிச்சை கல்வி உதவியாகவே கருதப்பட வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது.

வரைவு கிடைத்ததும் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாட்கள் தரப்படும். இந்த நாட்களில்தான் எந்தப் பள்ளி வேண்டும் என்றும் கேட்க வேண்டும். அரசு நிதியில் இயங்கும் பொதுப் பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ நீங்கள் கேட்டால், அது பிள்ளையின் வயது, திறன், தேவைக்குப் பொருந்தாது, அல்லது மற்றப் பிள்ளைகளின் கல்வியையோ பொதுப்பணத்தின் திறமான பயன்பாட்டையோ பாதிக்கும் என்று காட்டினாலொழிய கவுன்சில் அந்தப் பள்ளியின் பெயரை எழுத வேண்டும்.

மறுத்துவிட்டால்

மதிப்பீடு மறுப்பு, திட்ட மறுப்பு, பி, எஃப், ஐ பகுதிகளின் உள்ளடக்கம் ஆகியவற்றுக்கு எதிராகச் சிறப்புத் தேவைகளுக்கான தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து 2 மாதம், அல்லது மத்தியஸ்தச் சான்றிதழின் தேதியிலிருந்து 1 மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதுவே கெடு. பிணக்கு பள்ளியின் பெயரைப் பற்றியது மட்டும் என்றால் தவிர, மற்ற வழக்குகளில் முதலில் மத்தியஸ்த ஆலோசகரைத் தொடர்புகொண்டு சான்றிதழ் பெற வேண்டும். மத்தியஸ்தத்தில் உட்கார விருப்பமில்லை என்றாலும் சான்றிதழ் தருவார்கள். 3 வேலை நாட்களுக்குள் அது வந்துவிடும்.

தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, முன்கூட்டிச் சொன்னால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஏற்பாடு செய்வார்கள். 2022-23 கல்வியாண்டில் தீர்ப்பு வரை சென்ற மேல்முறையீடுகளில் 98 விழுக்காடு பெற்றோர் பக்கம் முடிந்தன. முதல் மறுப்புக் கடிதத்தோடு மனம் தளர்ந்து கோப்பை மூடிவைக்கும் குடும்பங்களை நினைக்கும்போது, இந்த எண்ணைத் தமிழ்ப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

விசாவைப் பற்றிய அச்சம்

மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர்கள், ‘அரசு உதவி கேட்டால் விசாவுக்கு ஆபத்து’ என்று அஞ்சி ஒதுங்குகிறார்கள். பள்ளிக் கல்வியும் அதனுள் அடங்கும் சிறப்பு உதவியும் குடிவரவு விதிகள் சொல்லும் ‘பொது நிதி’ என்ற பட்டியலில் இல்லை. இ.எச்.சி. மதிப்பீடு கேட்பதால் அந்த நிபந்தனை மீறப்படுவதில்லை. ஆனால் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான டி.எல்.ஏ. உதவித்தொகை அந்தப் பட்டியலில் இருக்கிறது. ‘பொது நிதி இல்லை’ என்று விசாவில் இருப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் உரிமை இருக்கும் பிள்ளைக்கும் உதவி கிடைக்காமல் போகிறது.

திட்டம் கிடைத்த பிறகு

12 மாதங்களுக்கு ஒருமுறை திட்டம் மீளாயப்பட வேண்டும். கூட்டம் முடிந்த 4 வாரங்களுக்குள், திட்டம் அப்படியே தொடர்வதா, திருத்தப்படுவதா, நிறுத்தப்படுவதா என்ற முடிவு எழுத்தில் வர வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு முன் எஃப் பகுதியை ஒரு தாளில் எழுதி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று குறித்துக்கொண்டு போங்கள்.

பிள்ளை ஐந்தாம் ஆண்டில் இருந்தால் கோடைத் தவணையிலேயே மீளாய்வு வைக்கச் சொல்லி, உயர்நிலைப் பள்ளிகளைப் போய்ப் பார்க்கத் தொடங்கிவிடுங்கள். திட்டம் உள்ள பிள்ளைகளுக்கான இடம் வழக்கமான சேர்க்கைப் படிவத்தின் வழியே தீர்மானிக்கப்படுவதில்லை. கவுன்சிலின் சிறப்புத் தேவைப் பிரிவே அதைக் கையாளும், பிள்ளை மாறும் ஆண்டின் பிப்ரவரி 15க்குள் புதிய பள்ளியின் பெயர் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பின்னால் கடிதம் வரும்வரை காத்திருந்தால், பிணக்கு இருந்தாலும் செப்டம்பருக்குள் தீர்ப்பாயத்துக்குப் போய்வர நேரம் போதாது.